4 அடி சிக்லிட் டேங்குக்கு சம்ப் போட்டாச்சு: காரைக்குடி வெயில்ல எட்டு மாசம் ஓட்டிப் பாத்தது

சம்ப் போடப்போறேன்னு சொன்னதும் எங்க அப்பத்தா, அதான் தரைக்கு அடியில தண்ணித்தொட்டி கெடக்கே மறுபடியும் எங்கடா தோண்டப்போறன்னு கேட்டாங்க. தோண்டல அப்பத்தா, மீன்தொட்டிக்குக் கீழ ஸ்டாண்டுக்குள்ள இன்னொரு கண்ணாடித்தொட்டி, மேல இருக்க தண்ணி அதுல எறங்கி சுத்தமாகி மோட்டார் வழியா திரும்ப மேல ஏறும்னேன். "அப்ப இப்ப ஓடுற பில்டருக்கு என்னடா?"ன்னாங்க. காசு போடுறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கவேண்டிய கேள்வி இதுதான்.

நம்ம டேங்க் 4 அடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை, 255 லிட்டர் புடிக்கும். ஆப்பிரிக்கா மலாவி ஏரி சிக்லிட் மீனுங்க, யெல்லோ லேப், சோகோலோஃபின்னு 22 இருக்குது. இதுகள கொஞ்சமா விட்டா பெருசு ஒண்ணு இளைச்ச ஒண்ண குறிவச்சு வெரட்டியே கொன்னுடும், அதனால கூட்டமாத்தான் விடணும், கூட்டம்னா கழிவும் கூட. அதோட இதுகளுக்கு பிஎச் (தண்ணியோட காரத்தன்மை அளவு) 8 பக்கம் வேணும், பிஎச் ஏற ஏற, தண்ணி சூடாக சூடாக கழிவுலேர்ந்து வர்ற அமோனியாவுல விஷமா மாறுற பங்கும் ஏறும். நம்மூர் சித்திரை வெயில நெனச்சுக்கங்க.

முன்னாடி இருந்தது கேனிஸ்டர், மூடுன டப்பாக்குள்ள தண்ணி ஓடி சுத்தமாகுற பில்டர். நல்லாத்தான் ஓடுச்சு. மாசத்துல ஒரு நாள் மெயின்டனன்ஸுன்னு காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இருக்காதுல்ல, அப்படி ஒரு நாள் நான் ஊர்ல இல்ல, மூடுன டப்பாக்குள்ள ஆக்சிஜன் இல்லாம கழிவ சுத்தம் பண்ற பாக்டீரியா செத்து அழுகி கரண்ட் வந்ததும் அந்த தண்ணி அப்படியே டேங்குல கொட்டிருச்சு. மறுநாள் வந்து பாத்தா எல்லா மீனும் மேல வந்து வாயத்தொறந்து நிக்கிது, ரெண்டு லேப் மண்ணுல சாஞ்சு கெடந்துச்சு. அன்னிக்கு முடிவு பண்ணதுதான் இந்த சம்ப்.

ரெண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், 15 இஞ்ச் உசரம், உள்ளூர்ல ஒரு கடைல கண்ணாடி வெட்டி ஒட்டி வாங்கினேன், மோட்டார் பைப் எல்லாம் சேத்து 7,000 கிட்ட ஆச்சு. தண்ணி கீழ எறங்க டேங்குல ஓட்டை போடணும்னா மொத்தமா காலி பண்ணணும், அடிக்கண்ணாடி டஃபன்டா (சூடேத்தி கெட்டிப்படுத்துனதா) இருந்தா ஓட்டையே போட முடியாது, ஒடஞ்சிரும், அத மொதல்ல விசாரிச்சுக்கங்க. மீன மாத்தி வைக்க அப்பத்தா பித்தளை அண்டாவ எறக்கித் தரேன்னாங்க, செம்பு கலந்தது மீனுக்கு ஆகாதுன்னு பிளாஸ்டிக் டிரம்லதான் விட்டேன்.

இப்ப கடைக்காரங்க மேல உள்ள வருத்தம். தண்ணி திரும்பி மேல போற பைப்போட வாய, டேங்க் தண்ணி மட்டத்துக்கு 4 இஞ்ச் கீழ வச்சுட்டுப் போய்ட்டாங்க. கரண்ட் போனா அந்த பைப்பே தண்ணிய கீழ இழுக்கும், இந்த சைஸ் டேங்குல ஒரு இஞ்ச் எறங்கினா 14 லிட்டர், 4 இஞ்சுக்கு 56. சம்ப்புல காலியிடம் இருந்ததே 38தான். ராத்திரி ரெண்டு மணிக்கு வளவுல (வீட்டு நடு முற்றத்துல) கால வச்சா ஆத்தங்குடி கல்லு பூரா தண்ணி, பூப்போட்ட கல்லு மேல மண்ணும் மீன் கழிவுமா. மறுநாள் பைப்ப மேல ஏத்தி, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ அந்த பைப்புல சின்ன ஓட்டை போட்டேன், தண்ணி எறங்குனதும் அதுல காத்து ஏறி இழுப்பு நின்னுரும். அந்த ஓட்டைய பாசி அடைக்கும், வாராவாரம் குச்சி விட்டு எடுக்கிறேன். நீங்க யார்கிட்ட செஞ்சாலும் அவங்க கிளம்புறதுக்கு முன்னாடி மோட்டார ஆஃப் பண்ணி தண்ணி எங்க வந்து நிக்கிதுன்னு கண்ணால பாத்துட்டு காசு குடுங்க.

அத சரி பண்ணப்பறம் எனக்கு முழு திருப்தி. சம்ப்போட முதல் அறைல பயோ பால் (பாக்டீரியா ஒட்டி வளர்ற பிளாஸ்டிக் உருண்டை) மேல தண்ணி சொட்டி எறங்குது, கரண்ட் போனாலும் அது ஈரமா காத்துல இருக்கறதால பாக்டீரியா சாகல, அதுக்கப்பறம் நாலு ஷட்டவுன் பாத்தாச்சு, ஒரு மீன் போகல. மோட்டார் 40 வாட்ஸ், ரெண்டு மாச பில்லுக்கு 58 யூனிட் கிட்ட வருது. சத்தமும் உண்டு, வளவுல எல்லாமே எதிரொலிக்கும், எறங்குற பைப்புல காத்துக்குழாய் வச்சதும்தான் அந்த கொடகொட அடங்குச்சு. வெயில்காலத்துல தெனம் கால் குடம் தண்ணி ஆவியாகுது, அது பூரா மோட்டார் இருக்க கடைசி அறைலதான் கொறையும், ஊத்தலைன்னா மோட்டார் காத்த இழுத்து எரிஞ்சுரும். கழிவு கடைசியா மாறுற நைட்ரேட் அப்படியேதான் ஏறுது, வாராவாரம் தண்ணி மாத்துறது குறையல.

3 அடிக்குக் கீழ டேங்க், மீன் கம்மின்னா வேணாம், ஒரு ஸ்பாஞ்ச் பில்டர் சேத்து பேட்டரி ஏர்பம்ப் ஒண்ணு வாங்கிக்கங்க. 4 அடியும் கூட்டமான சிக்லிட்டும்னா தாராளமா போடுங்க.

போன மாசம் சம்ப் கழுவையில டார்ச் அடிச்சா பாக்டீரியாவுக்குப் போட்ட ரிங்குக்கு நடுவுல மஞ்சளா ஏழு குஞ்சு, அரை இஞ்ச்கூட இல்ல, ஓவர்ஃப்ளோ (மேல தண்ணி வழிஞ்சு கீழ எறங்குற வாய்) வழியா எறங்கி வந்திருக்கு. மேல இருந்திருந்தா பெருசுங்க முழுங்கியிருக்கும். ஓவர்ஃப்ளோல வலை கட்டுனா பாசி அடைச்சு தண்ணி மேல வழியும்னு கட்டல, மோட்டார் வாய்க்கு மட்டும் ஸ்பாஞ்ச் மாட்டிருக்கேன், அதுங்க கீழயே வளருது.