வெள்ளைச் சுவரா, அலுமினியத் தாளா?

வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை, இலைகளைத் தாண்டிச் சுவரில் விழும் ஒளியின் மீது காட்டுவதில்லை. அந்த ஒளியைச் செடிக்கே திருப்பித் தரப் பளபளப்பற்ற வெள்ளைப் பூச்சு, அலுமினியத் தாள் என இரண்டு எளிய வழிகள் உள்ளன.

அளவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: நல்ல வெள்ளைப் பூச்சு 80 முதல் 90 சதவீதம் வரையிலும், சுத்தமான அலுமினியம் 90 சதவீதத்தை ஒட்டியும் ஒளியைத் திருப்பும். வேறுபாடு திருப்பும் விதத்தில் இருக்கிறது. பூச்சிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு துகள்கள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால், மேலிலைகளின் நிழலில் கிடக்கும் கீழிலைகளுக்கும் பக்கவாட்டிலிருந்து சீரான வெளிச்சம் கிடைக்கிறது. தாளோ கண்ணாடியைப் போல ஒளியைக் குறிப்பிட்ட திசையிலேயே திருப்புகிறது. ஒட்டும்போது கசங்கிவிட்டால், மடிப்புகள் ஒளியைக் கீற்றுகளாகப் பிரித்துவிட, ஓர் இலை பளிச்சென்றும் அதன் பக்கத்து இலை மங்கலாகவும் நிற்கும்.

ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் இரண்டுமே பெரும்பாலும் பாகுபாடின்றித் திருப்புகின்றன. (அடர்பச்சைச் சுவர் இலைக்கு மிகவும் பயன்படும் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிவிடும், அழகாக இருந்தாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது.)

என் தேர்வு வெள்ளைப் பூச்சுதான். தாளுக்குப் பின்னால் ஈரம் தங்கினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். பூச்சு மங்கினாலோ மறுபடி ஒரு கை அடித்தால் போதும். சுவரில் வண்ணம் பூச இயலாத வாடகை வீட்டில், வெள்ளை அட்டையொன்றைச் செடிக்குப் பின்னால் நெருக்கமாக நிறுத்திவைக்கலாம்.