பனியின் மேல் போட்ட பழி: மஸ்கெலியாவில் ஒரு கணினி, ஒரு ரவுட்டர், ஐந்து வருட அனுபவம்

மஸ்கெலியாவில் எது நின்றாலும் பழி பனிக்குத்தான். பஸ் பிந்தினால் பனி. துவைத்துப் போட்ட சீருடை மூன்று நாளாகக் காயாவிட்டால் பனி. கணினித் திரையின் மூலையில் இருக்கும் பூமி உருண்டை ‘இணைய இணைப்பு இல்லை’ என்று சொன்னாலும் பனி. நானும் முதல் ஒன்றரை வருடம் அதையே சொல்லிக்கொண்டு, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் மேல் வெள்ளையாகக் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவன்தான். இப்போது அந்தக் கணினிக்கும் 4ஜி ரவுட்டருக்கும் எங்கள் வீட்டில் ஐந்து வயது தாண்டிவிட்டது. எண்ணிப் பார்த்தால் பனி ஒன்றினால் மட்டும் இணையம் நின்ற நாள் ஒன்றுகூட நினைவில் இல்லை. எலியால் நின்றிருக்கிறது. மின்னலால் நின்றிருக்கிறது. ஒரு நாணயம் அளவு பற்றரியால் நின்றிருக்கிறது. என் அவசரப் புத்தியால் நின்ற நாட்கள்தான் அதிகம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வாங்கியது இது. நானும் மனைவியும் ஆசிரியர்கள். தேயிலை மலைக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறி நின்று பிள்ளைகள் சிக்னல் தேடிய காலம் அது. ஹட்டனில் ஒரு கடையில் பழைய மேசைக் கணினி ஒன்றும், வேறொரு கடையில் ரவுட்டரும் வாங்கினோம். கணினியில் விண்டோஸ் 10. ரவுட்டரைக் கொண்டுவந்து, நல்ல இடம் என்று நினைத்து, நடுக் காம்பராவில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த வீட்டிலேயே அதைவிட மோசமான இடம் இல்லை என்று புரிய எட்டு மாதம் ஆனது.

எங்கள் குவார்ட்டர்ஸ் வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர், தகரக் கூரை. தகரம் ரேடியோ அலையைத் திருப்பி அடிக்கும், கருங்கல் விழுங்கும். ரவுட்டரின் உட்பக்கத்தைப் பார்க்க உலாவியில் 192.168.1.1 என்று அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். அதில் ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு எண் இருக்கும், வந்து சேரும் சிக்னலின் பலத்தைச் சொல்வது, எப்போதும் மைனஸில். மைனஸ் 80 என்றால் அருமை, மைனஸ் 110 என்றால் உயிர் ஊசலாடுகிறது. நடுக் காம்பராவில் மைனஸ் 112. அதே ரவுட்டரை இஸ்தோப்பு (முன் விறாந்தை) ஜன்னலில், கைபேசிக் கோபுரம் இருக்கும் பக்கம் பார்த்து வைத்தபோது மைனஸ் 97. பதினைந்து டெசிபெல் வித்தியாசம் என்றால் வந்து சேரும் சக்தி ஏறத்தாழ 30 மடங்கு. ஒரு ரூபாய் செலவில்லை. முன்பக்கத்து விளக்குக் கோடுகளை நம்பாதீர்கள், இந்த எண்ணைப் பாருங்கள். வீடு முழுக்க ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்த என்னைப் பார்த்து, சாமி சுமக்கிறீர்களா என்று மனைவி கேட்டார்.

பனிக்காக ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன். 4ஜி அலைகள் 3 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழே ஓடுபவை. நீர்த்துளிகள் பெரிதாகத் தடுக்கத் தொடங்குவது சுமார் 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேலேதான். நனைந்த மரக்கிளைகள் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. பிறகு ஏன் பனிக்காலத்தில் இணையம் போகிறது? பனியோடு மழையும் காற்றும் வருகின்றன, சவுக்கு மரம் கம்பி மேல் விழுகிறது, கரண்ட் போகிறது, சில மணி நேரத்தில் கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்துபோகிறது. நாம் ஜன்னல் வழியே பார்ப்பது பனியை மட்டும்.

ரவுட்டர் இஸ்தோப்புக்குப் போனதால் கணினிக்கு இருபது மீற்றர் லான் கேபிள் இழுக்க வேண்டி வந்தது. நூறு மீற்றர் வரை இந்தக் கேபிள் தாங்கும் என்பதால் கவலையில்லை. கவலை எலி வடிவில் வந்தது. ஒரு நாள் காலையில் கைபேசியில் இணையம் இருக்கிறது, கணினியில் இல்லை. அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. கைபேசியில் வந்தால் கோபுரம், டேட்டா, ரவுட்டர் மூன்றும் நலம், கோளாறு ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையில்தான். நானோ சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அழைத்து நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் ஒரு பெண் பிள்ளை பேசி, “ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், சேர்” என்றது. போட்டேன். எலி கடித்த வயர் அதனால் ஒட்டிக்கொள்ளுமா?

அன்று கொழும்பிலிருந்து அண்ணன் மகன் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்ததுதான் இன்றுவரை என் முதல் ஆயுதம். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சிஎம்டி என்று அடித்தால் கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் வராமல் விண்டோஸ் தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். வாடகை வீடு கிடைக்காதவன் பஸ் நிலையத்தை முகவரியாகக் கொடுப்பது போல. எனக்கு அதுதான் வந்தது. கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். இஸ்தோப்பு சீலிங் பலகைக்குமேல், ரவுட்டர் முனையிலிருந்து இரண்டு மீற்றரில், செம்பு பளபளவென்று தெரிந்தது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, டவுனில் கைபேசிக் கடைத் தம்பியிடம் புதிய முனை அடித்தேன். வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே எட்டு வயரையும் வரிசையாக நசுக்கினார். இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

இனி பற்றரிக் கதை. இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

2022 மார்ச் கடைசி. 30ஆம் திகதி பத்து மணி நேரம், மறுநாள் பதின்மூன்று மணி நேரம் என்று நாடு முழுக்க மின்வெட்டு. இரவு கரண்ட் வந்ததும் மகள் கணினியைப் போட்டாள். எந்தத் தளத்தைத் திறந்தாலும் சிவப்பு முக்கோணம், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று ஆங்கிலத்தில் மிரட்டல். கைபேசியில் எல்லாம் ஓடுகிறது. கேபிள் விளக்கு பச்சை. முகவரி 192.168 என்று ஒழுங்காக இருக்கிறது. வெளியே இணையம் எட்டுகிறதா என்று பார்க்கும் கட்டளையான பிங்கை, பிங் 8.8.8.8 என்று அடித்தால் பதில் வருகிறது. நான் கற்ற வித்தையெல்லாம் காட்டியும் ஒரு பக்கம் திறக்கவில்லை. வைரஸ் என்று முடிவு கட்டினேன். “மூலையில் நேரம் பிழையாக இருக்கிறதே” என்று மனைவி சொன்னார். “கரண்ட் போனால் அப்படித்தான்” என்று பெரிய ஆள் மாதிரி பதில் சொன்னேன்.

பெட்டியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, எரிபொருள் இல்லாத அந்த நாட்களில் கிடைத்த பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன். கடைக்காரர் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார். கடையில் எல்லாம் ஜோராகத் திறந்தது. காசு கொடுத்து, அதே கம்பளி, அதே மடி, அத்தனை வளைவுகளையும் கடந்து வீட்டுக்கு வந்து மாட்டினால் அதே சிவப்பு முக்கோணம். எங்கள் வீட்டில்தான் ஏதோ தோஷம் என்று அம்மா கற்பூரம் காட்டாத குறை.

அண்ணன் மகன் அழைப்பில் கேட்ட ஒரே கேள்வி: “சித்தப்பா, கீழே வலது மூலையில் திகதி என்ன போட்டிருக்கிறது?”

2009 ஜனவரி 1.

இணையத்தளங்கள் ஒவ்வொன்றும் தம்மை நிரூபிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அதற்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. 2009இல் நிற்கும் கணினிக்கு 2022இல் வழங்கிய சான்றிதழ் இன்னும் பிறக்காத பிள்ளையின் அடையாள அட்டை. அதனால் அத்தனையையும் போலி என்று தள்ளிவிட்டது. கணினிக்குள் எல்லாவற்றையும் இணைக்கும் தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர் 2032 என்ற பற்றரிதான் கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது. மூன்று வோல்ட், 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. பெயரிலேயே அளவு இருக்கிறது. அது எப்போதோ செத்திருக்க வேண்டும். சொக்கெட்டில் எப்போதும் ப்ளக் மாட்டியிருந்ததால், அணைத்து வைத்த கணினிக்கும் ஒரு துளி மின்சாரம் வந்து கடிகாரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பதின்மூன்று மணி நேர வெட்டு அந்தக் குட்டை உடைத்தது. கடையில் திகதியைச் சரி செய்திருக்கிறார்கள். பஸ்ஸில் என் மடியிலேயே அது மறுபடி 2009க்குப் போய்விட்டது.

விண்டோஸ் இணையத்தில் நேரத்தைப் பார்த்துத் தானாகத் திருத்தாதா என்று கேட்பீர்கள். வீட்டுக் கணினிகளில் வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் அது வழக்கமாகக் கை வைக்காது. பதின்மூன்று வருடத்துக்கு என்ன செய்யும்? இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த மிரட்டல் பக்கத்திலேயே, உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று எழுதித்தான் இருந்தது. முக்கோணத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் வாசித்தால்தானே! மஸ்கெலியா டவுனில் மணிக்கூடு திருத்துபவரிடமே அந்தப் பற்றரி இருந்தது, சில நூறு ரூபாய். ஹட்டனில் கொடுத்த காசைச் சொல்ல மாட்டேன். மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறார், அது போதும்.

2023 ஐப்பசி இடி வேறு ரகம். மாலை நான்கு மணிக்கு ஒரு வெட்டு, ஒரு சத்தம், பிறகு லான் விளக்கு எரியவே இல்லை. ரவுட்டரில் வேறு துளைக்கு மாற்றிப் பார்த்தேன், இல்லை. பாடசாலை மடிக்கணினியில் அதே கேபிளைச் செருகினேன், எரிந்தது. அப்படியானால் கேபிளும் ரவுட்டரும் நலம், செத்தது கணினியின் லான் துளை. யுஎஸ்பி வைஃபை டொங்கிள் ஒன்று வாங்கினேன். அதை இயக்க டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும், டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டொங்கிள் வேண்டும். இந்தச் சுழலில் சிக்கியவர்கள் கைபேசியை யுஎஸ்பி வயரால் கணினியில் மாட்டி, கைபேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங்கைப் போட்டுவிடுங்கள். அண்ட்ரொய்ட் கைபேசியை விண்டோஸ் பெரும்பாலும் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். டொங்கிள் இரண்டு மாதம் ஓடியது. கருங்கல்லுக்கு அப்பால் வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் அலை எட்டவில்லை, 2.4 மட்டும் நொண்டி நொண்டி வந்தது. பிறகு யுஎஸ்பியிலிருந்து லானுக்கு மாற்றும் சின்ன அடப்டர் வாங்கிப் பழைய கேபிளுக்கே திரும்பிவிட்டேன். டொங்கிள் லாச்சிக்குள் கிடக்கிறது. மின்னல் காலத்தில் ப்ளக்கைக் கழற்றுவதை மட்டும் வீட்டில் இப்போது யாரும் மறப்பதில்லை.

மற்றவை சில்லறை. எண்ணுக்கு பிங் போகிறது, தளத்தின் பெயருக்குப் போகவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ் கோளாறு. டிஎன்எஸ் முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கையால் போட்டுச் சரிசெய்திருக்கிறேன். டேட்டா தீர்ந்ததைக் கோளாறு என்று நினைத்து அரை நாள் போராடியதும் உண்டு. சிவனொளிபாதமலைப் பருவத்தில், மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் போயா வரை, சனி இரவுகளில் வேகம் தேய்ந்துவிடும். மலையேறத் தொடங்கும் நல்லதண்ணி நோக்கிப் போகும் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கைபேசி. அதற்கு வைத்தியம் இல்லை. வினாத்தாள்களை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுகிறேன்.

வாங்கியவற்றில் மனம் நிறைந்தது, கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட்டும் பற்றரிப் பெட்டியான குட்டி யுபிஎஸ். 12 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் துளைதான், மாற்றிச் செருகினால் ரவுட்டருக்குக் கருமாதி. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது என்று மின்சக்தி அமைச்சர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ரவுட்டர் மட்டும் கண்ணை மினுக்கிக்கொண்டு இருந்தது. கைபேசிக்கு இணையம் வந்தது, கோபுரம் தாங்கியவரை. ஏமாற்றம் என்றால் இணையத்தில் பார்த்து வாங்கிய வெளி அன்டெனா. ஜன்னலுக்கு மாற்றிய பிறகு அது கூட்டிக் கொடுத்தது ஒன்றுமில்லை, கழற்றிவிட்டேன். கணினிக்கும் வயதாகிவிட்டது. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது, 11ஐ இந்தப் பெட்டி ஏற்காது. அடுத்தது என்ன என்று மகளுக்கும் எனக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் மேட்டு லயத்து அக்கா வந்து கூப்பிட்டார். மகனுக்கு வாங்கிய பழைய கணினியில் மூன்று நாளாக இணையம் வரவில்லையாம். போனேன். முதலில் திகதியைப் பார்த்தேன், சரி. பிறகு கணினிக்குப் பின்னால் குனிந்து விளக்கைப் பார்த்தேன், எரியவில்லை. லான் முனையின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, கேபிள் அரை அங்குலம் வெளியே நழுவி நின்றது. உள்ளே தள்ளி, தீப்பெட்டி அட்டையைக் கிழித்து மடித்து இடுக்கில் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது, பையன் கைதட்டினான். அக்கா பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

“பனி கலைந்துவிட்டது சேர், அதுதான் வந்துவிட்டது” என்றார்.