டைல்ஸ் டிசைனுக்குப் 'பேட்டன்ட்' என்று சொல்லி 38,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள், ஏமாறாதீர்கள்

எனக்கு நேற்று மத்தியானம்தான் விஷயம் தெரிந்தது. இன்னும் வயிறு எரிகிறது.

ஆத்தங்குடியில் எங்களுக்குப் பூக்கல் பட்டறை. கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் சிமென்டை ஊற்றிச் செய்கிற அதே கல்தான். பழைய டிசைன்கள் எல்லாருக்கும் பொது. நான் புதிதாக ஒன்று போட்டேன். நான்கு கல்லைச் சேர்த்தால் நடுவில் செங்காந்தள் விரியும். அச்சை மட்டும் ஐந்து முறை மாற்றினோம்.

கம்பெனி பதிவு, ஜிஎஸ்டி, டிரேட்மார்க் எல்லாம் செய்து தருவதாக விளம்பரம் போடும் ஓர் ஆன்லைன் தளத்தில் விசாரித்தேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "எங்க பாட்டி வீட்டுலயும் ஆத்தங்குடி கல்லுதான் மேடம். பேட்டன்ட் வாங்கிட்டா ஒருத்தனும் தொட முடியாது. காப்பி அடிச்சா நோட்டீஸ் நாங்களே விடுவோம்" என்றான் அந்தப் பையன். அந்தப் பாட்டி வீட்டுப் பேச்சில்தான் விழுந்தேன். அன்று சாயங்காலமே 38,500 ரூபாய் அனுப்பினேன். ஒரு வாரத்தில் நம்பர் போட்ட தாள் வந்தது. அதை பிரேம் போட்டுப் பட்டறையில் மாட்டினோம்.

போன வாரம் ஒரு வாடிக்கையாளர், வெளியூர் ஷோரூமில் எடுத்த படம் அனுப்பினார். மெஷினில் அடித்த செராமிக் டைல், அதில் எங்கள் செங்காந்தள். எங்கள் அச்சில் இடது ஓரத்து இதழ் கொஞ்சம் குட்டை. அந்தக் குட்டை இதழையும் அப்படியே எடுத்திருக்கிறார்கள்!

தாளை எடுத்துக்கொண்டு மதுரை வக்கீலிடம் போனேன். "இது பேட்டன்ட்டும் இல்லைம்மா, டிசைன் பதிவும் இல்லை. காப்பிரைட்டுக்கு விண்ணப்பித்தால் கிடைக்கும் டைரி நம்பர், விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான எண் மட்டும்தான்" என்றார். பதியத் தகுந்த டிசைனைப் பதியாமல் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால் அந்தக் காப்பிரைட்டும் போய்விடுமாம். பத்து அங்குலக் கல் 50 என்றால் ஒரு சின்ன பூஜை அறைக்குத்தான் வரும். நாங்கள் ஆயிரக்கணக்கில் ஊற்றிவிட்டோம். சரி, இப்போதாவது டிசைனைப் பதியலாமா என்றால், விற்று, படமும் வெளியே போட்டுவிட்டதால் அது சட்டப்படி புதுசு இல்லை. "வெளியே காட்டிவிட்டீர்களா?" என்று அந்தப் பையன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட நான் நிறுத்தி வைத்திருப்பேன்.

தளத்துக்குப் போன் செய்தால், "அவர் வேலையை விட்டுட்டார் மேடம்." அப்புறம், "டிக்கெட் போட்டிருக்கோம், 48 மணி நேரம்." அப்புறம், "சர்வீஸ் முடிஞ்சது, பணம் திரும்ப வராது." வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 38,500 ரூபாய், எங்கள் பட்டறையில் இரண்டு பேரின் மாசக் கூலி!

அவசரமாகச் சொல்கிறேன். பேட்டன்ட் என்பது புதுக் கண்டுபிடிப்புக்கு, டைல்ஸின் பூ வேலைக்குக் கிடையாது. 2000-ம் ஆண்டு டிசைன்ஸ் சட்டத்தில் பதிய வேண்டும், 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 5. தனிநபருக்கு அரசுக் கட்டணம் 1,000 ரூபாய்தான். படத்தை வெளியே போடுவதற்கு, விற்பதற்கு முன்னாலேயே விண்ணப்பியுங்கள். கட்டணம் கட்டிய அரசு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நம்பரை அரசுத் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. மற்றதை அப்புறம் எழுதுகிறேன், வக்கீல் கூப்பிடுகிறார்.