முக்குளி வாத்துகளை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம்: லண்டன் வெட்லண்ட் சென்டர்

குடுமி வாத்தையும், போச்சார்ட் எனப்படும் செந்தலை வாத்தையும் அருகருகே வைத்துக் கற்க விரும்புவோருக்கு, பார்ன்ஸ் பகுதியில் விக்டோரியா காலத்து நீர்த்தேக்கங்கள் நான்கைச் சதுப்புநிலமாக மாற்றி 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

குளிர்காலமே ஏற்ற பருவம். மூன்று தளங்கள் கொண்ட பீகாக் கோபுரத்திலிருந்து பார்க்கையில் ஆண் பறவைகளைப் பிரித்தறிவது எளிது: ஒன்று கருமை, வெண்ணிற விலா, பின்னால் தொங்கும் குடுமி; மற்றொன்று செந்தலை, கறுத்த மார்பு, சாம்பல் முதுகு. கோபுரத்தில் மின்தூக்கி இருப்பதால் முதியவர்களும் இக்காட்சியைக் காணலாம் என்பது எனக்குப் பெரிய நிறைவு.

உண்மையான பாடம் பெண் பறவைகளிடமே இருக்கிறது. இரண்டும் பழுப்பு நிறமே என்றாலும், குடுமி வாத்தின் பெண்ணுக்குக் கண் மஞ்சளாகவும் நெற்றி செங்குத்தாகவும் இருக்க, செந்தலை வாத்தின் பெண்ணுக்குக் கண் கறுத்தும் நெற்றி அலகை நோக்கிச் சரிந்தும் இருக்கும். நிறத்தைவிடத் தலையின் வடிவத்தையே நம்புங்கள். குடுமி வாத்து பகலிலும் சிப்பி, நத்தைகளைத் தேடி மூழ்கிக்கொண்டிருக்கும். செந்தலை வாத்தோ பெரும்பாலும் இரவில் மேய்வதால், பகலில் அலகைச் சிறகில் புதைத்து உறங்குவதையே அதிகம் காண்பீர்கள். அது தலை தூக்கும்வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனமாகச் செந்தலை வாத்து பட்டியலிடப்பட்டிருப்பதால், அந்தக் காத்திருப்பு ஒவ்வொரு நிமிடமும் தகும். தொலைநோக்கியை மறவாதீர்கள், 8 மடங்கு உருப்பெருக்கம் போதும்.