மூணாவது தட்டு உடைஞ்சு ஒட்டு போட்டாச்சு: துணி அடுக்குற டிராயர், நாலு வருஷத்துக்கு அப்புறம்

நேத்து சாயங்காலம்தான் ஆசாரி அண்ணன் வந்து மூணாவது தட்டுக்கு அடியில பிளைவுட் வச்சு திருகிக் கொடுத்துட்டுப் போனார். அவர் போன கையோட தையல் கிளாஸ்ல கூடப் படிச்ச தங்கச்சி போன் பண்ணா, அக்கா நீங்க வச்சிருக்கீங்களே அந்த அஞ்சு தட்டு, கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் டிராயர், நீங்க 3,200க்கு வாங்குனேன்னு சொன்னீங்க, இப்போ 2,400க்கு வருது, எடுத்துடவான்னு. போன்ல சரியா சொல்ல வரல, கோபம் வேற இருந்துச்சு. அதான் உக்காந்து எழுதுறேன். நீளம் அகலம் எல்லாம் விற்கிற இடத்துலயே போட்டிருக்கான், அதை விட்டுடுறேன்.

குயில்ட், அதாவது துண்டு துணிகளை ஒட்டுப் போட்டு போர்வை தைக்கிறவங்களுக்கு துணி சேருறது எப்படின்னு நான் சொல்ல வேண்டியதில்ல. எனக்கு சேர்ந்தது முக்கால்வாசி மதுரையில. மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல இருக்கிற புது மண்டபத்துக்குள்ள தையல்காரங்க வரிசையா மிஷின் போட்டு உக்காந்திருந்த காலத்துல அவங்ககிட்ட கட் பீஸ் கேட்டு வாங்கிட்டு வருவேன், பை நிறைய வரும். அப்புறம் சுங்குடி. நிஜமான சுங்குடியில ஒவ்வொரு புள்ளியும் சௌராஷ்டிர வீட்டுப் பொம்பளைங்க துணிய நகத்தால கிள்ளி நூல் சுத்தி முடிச்சு போட்டது, இப்போ நிறைய மெழுகு அச்சுலயே வந்துடுது, அதனால முடிச்சு போட்ட பழைய சேலை கிழிஞ்சு போனாக்கூட எனக்கு தூக்கிப் போட மனசு வராது, முந்தானையில நல்லா இருக்கிற இடத்தை வெட்டி எடுத்து வச்சுக்குவேன். கண்காட்சிக்கு கண்காட்சி கலம்காரியும், கட்டை அச்சு போட்ட அஜ்ரக் துணியும் ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர். குயில்ட்டுக்கு பின்பக்கம் போட பாப்ளின், மல்னு சொல்ற மெல்லிசு பருத்தித் துணி. இதெல்லாம் எங்க இருந்துச்சுன்னா டிரங்குப் பெட்டி ஒண்ணு, சாக்குப் பை மூணு, பீரோவுக்கு மேல ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒண்ணு. கடுகு மஞ்சள் பாப்ளின் ஒரே நிறத்துல மூணு தடவை வாங்கியிருக்கேன், இருக்கிறதே தெரியாம. அட்டைப்பெட்டியில ஓரத்துல கிடந்த வெள்ளை மல்லு பழுப்பு கோடு விழுந்து போச்சு, அட்டையில இருக்கிற அமிலம் துணியில ஏறும்னு அப்போ எனக்கு தெரியாது.

2021ல டிராயர் வாங்குனேன்.

முதல்ல நல்லதை சொல்லிடுறேன், ஏன்னா அது நிஜமாவே நல்லது. துணி கண்ணுல பட்டாத்தான் குயில்ட்ல போகும். டிராயர் வந்த அடுத்த மாசமே நான் ரெண்டு குயில்ட்டுக்கு டாப், அதாவது ஒட்டுப் போட்ட மேல்பக்கம், முடிச்சேன், புதுசா ஒரு துணி வாங்கல. காலையில காபியோட அந்த ரூமுக்குள்ள போனா, அஞ்சு தட்டுலயும் நிறம் நிறமா தெரியும், மேல வெள்ளையும் சந்தனமும், கீழே வர வர அரக்கும் கருநீலமும். அரக்குக்கு பக்கத்துல இலைப்பச்சை நிக்கிறது கண்ணுல பட்டு அதை வச்சே ஒரு டிசைன் தோணும். பெட்டியில பூட்டி வச்சிருந்தப்போ எனக்கு இது நடந்ததே இல்ல.

முதல்ல துணி வகையா அடுக்குனேன், பாப்ளின் ஒரு தட்டு, சுங்குடி ஒரு தட்டுன்னு. ஆறு மாசம் வச்சுப் பார்த்தேன், சரிப்படல. குயில்ட்டுக்கு தேடும்போது எனக்கு பாப்ளின் வேணும்னு யாரு தேடுறா, கொஞ்சம் மங்கலான நீலம் வேணும்னுதான் தேடுறோம். அப்புறம் நிறமா மாத்தி, நிறத்துக்குள்ள வெளுப்பு, நடு, அடர்த்தின்னு பிரிச்சேன். எது நடு எது அடர்த்தின்னு குழப்பமா இருந்தா எல்லாத்தையும் தரையில பரப்பி போன்ல கருப்பு வெள்ளையில ஒரு போட்டோ எடுங்க, உடனே தெரிஞ்சுடும். சிவப்பும் பச்சையும் நேர்ல பார்க்க அவ்வளவு வித்தியாசம், கருப்பு வெள்ளையில ஒரே சாம்பலா இருக்கும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தைச்சா டிசைனே தெரியாது. கைத்தறி மட்டும் தனி, அது தண்ணி பட்டா சுருங்குறது வேற மாதிரி. சாயம் போற சுங்குடியையும் அஜ்ரக்கையும் அலசுற தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசி, நல்லா காய வச்சு, அப்புறம்தான் தட்டுக்குள்ள. லேசா ஈரம் இருந்தாக்கூட பக்கத்துத் துணியில ஏறிடும்.

மடிக்கிறதுக்கு நான் 6க்கு 24 இன்ச் குயில்ட் ஸ்கேலைத்தான் வச்சுக்கிறேன். 44 இன்ச் அகலத் துணிய கரையோட கரை சேர்த்து ஒரு மடி, திரும்ப ஒரு மடி, 11 இன்ச் ஆயிடும். அதை ஸ்கேல் மேல சுத்திக்கிட்டே வந்து, ஸ்கேலை உருவிட்டு, பாதியா ஒரு மடி. எல்லாம் ஒரே அளவா வந்து நிக்கும், படுக்க வைக்காதீங்க, வெற்றிலைக் கவுளி மாதிரி நிமித்தி அடுக்குங்க, ஒண்ணை உருவுனா இன்னொண்ணு கலையாது. துண்டு துணிய ரெண்டரை இன்ச் பட்டை, 5 இன்ச் சதுரம், 10 இன்ச் சதுரம்னு வெட்டி வச்சுக்குவேன், அவ்வளவுதான், அதுக்கு கீழ இருக்கிறது தலையணைக்குள்ள போயிடும்.

இனி கோபத்துக்கு வர்றேன்.

இப்படி நிமித்தி அடுக்குனா ஒரு தட்டுல 40 மீட்டர் பிடிக்கும். சமையல்கட்டு தராசுல வச்சுப் பார்த்தேன், ஒரு மீட்டர் பாப்ளின் 130 கிராம் கிட்ட வருது, அப்போ ஒரு தட்டுக்கு அஞ்சு கிலோவுக்கு மேல. அஞ்சு கிலோங்கிறது ஒரு பெரிய எடையா? துணி வைக்கிறதுக்குன்னு சொல்லித்தானே விற்கிறான்! ஆனா இந்த டிராயருக்கு தட்டு ஓடுறதுக்கு இரும்புச் சேனல் கிடையாது, உருளை கிடையாது, வெறும் பிளாஸ்டிக் பள்ளத்துல பிளாஸ்டிக் விளிம்பு உரசிக்கிட்டு வரணும். பாதி இழுத்ததும் முன்பக்கம் கனத்துல கீழ சாயும், பின்பக்கம் எழும்பி மேல் விளிம்புல போய் மாட்டிக்கும். ஒரு கையால தூக்கிப் பிடிச்சு, முழங்காலை முட்டுக் கொடுத்து, இன்னொரு கையால தள்ளணும். ஒரு தைக்கிற நாள்ல நான் குறைஞ்சது இருபது தடவை தட்டை திறப்பேன். நாலு வருஷமா இருபது தடவையும் இதேதான். நடுவுல ஒரு துணி முனை எழும்பியிருந்தா அதுவும் சேர்ந்து மாட்டும், ஒரு அஜ்ரக் அப்படித்தான் கிழிஞ்சது, அந்த அச்சு திரும்ப எனக்கு எந்தக் கண்காட்சியிலயும் கிடைக்கல. அந்தத் துண்டை இன்னும் வச்சிருக்கேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

கடைசியில மூலையில மெல்லிசா ஒரு விரிசல், அது நாளுக்கு நாள் நீண்டு, போன வாரம் அடிப்பக்கமே பிளந்துடுச்சு. தட்டைக் கவுத்துப் பார்த்தப்போதான் அடியில முக்கோணத்துக்குள்ள 6ன்னு போட்டிருந்ததை கவனிச்சேன். அது பிளாஸ்டிக் வகையோட நம்பர், 6ன்னா பாலிஸ்டைரீன். கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு தெரியும், ஆனா வளைஞ்சு கொடுக்காது, விரிஞ்சு உடையும். 5ன்னு போட்டிருந்தா பாலிப்ரொப்பிலீன், அது பால் கலந்த மாதிரி மங்கலா இருக்கும், வளையும், சட்டுன்னு உடையாது. அப்போ எனக்கு காலையில காபியோட அவ்வளவு சந்தோஷம் கொடுத்த அந்த பளிச்சும், இந்த விரிசலும் ஒரே பிளாஸ்டிக்லேருந்து வந்ததுதான். இது தெரிஞ்சதும் எனக்கு கோபம் போய் ஒரு மாதிரி வருத்தமாயிடுச்சு.

அதோட இன்னொரு பழைய கணக்கும் புரிஞ்சது. ரெண்டாவது வருஷம் மழைக்காலத்துல ராமபாணப் பூச்சி வந்துச்சு, கஞ்சி போட்ட துணின்னா அதுக்கு உயிர். நான் அந்துருண்டைய எடுத்து நாலு மூலையிலயும் போட்டு வச்சேன். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா உருண்டை இருந்த இடமெல்லாம் பிளாஸ்டிக் இளகி குழி விழுந்து பிசுபிசுன்னு இருக்கு, ஒரு வெள்ளை கேம்ப்ரிக் அதுல ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது. தட்டுலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். அந்துருண்டையில இருக்கிற நாப்தலீன் பாலிஸ்டைரீனை இளக வைக்கும், அந்துருண்டையும் இந்த டிராயரும் சேரவே கூடாது. வாங்குறப்போ ஒரு சீட்டுல ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தா அந்தத் துணி தப்பிச்சிருக்கும். இப்போ வசம்பை தட்டி சின்ன துணி முடிச்சுல கட்டி தட்டுக்கு ரெண்டு போடுறேன், கஞ்சி தைக்கப் போறப்போ மட்டும்தான் போடுறேன், பூச்சி கண்ணுல படல.

வெயில் விஷயம் டிராயரோட தப்பு இல்ல, நான் வச்ச இடம் அப்படி. மேற்கு ஜன்னலுக்கு நேரா வச்சேன், எட்டு மாசத்துல ரோஸ் துணிங்க எல்லாத்துலயும் மடிப்பு ஓரம் மட்டும் வெளுத்து கோடு விழுந்துச்சு. உள்பக்கம் அதே ரோஸ். இப்போ முன்னாடி ஒரு சின்ன குயில்ட் தைச்சு திரை மாதிரி தொங்க விட்டிருக்கேன், தைக்கிற நேரம் மட்டும் தூக்கி மேல போட்டுக்குவேன்.

ஆசாரி அண்ணன் 4 எம்எம் பிளைவுட் வெட்டி அடியில வச்சு நாலு மூலையிலயும் திருகியிருக்கார். எல்லாத் தட்டுக்கும் இப்படிப் போட்டுடலாம், ஆனா முன்பக்கம் சாயுறதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது, சேனல் வைக்கணும்னா அந்த சட்டம் தாங்காதும்மான்னு சொல்லிட்டார். இனி தட்டுக்கு 25 மீட்டருக்கு மேல வைக்கப் போறதில்ல.

தங்கச்சி, இவ்வளவையும் யோசிச்சுப் பார்த்தா பதில் வாங்காதேதான். 2,400க்கும் வாங்காதே, 2,000க்கு இறங்குனாலும் வாங்காதே. அடியில 5 போட்ட மங்கலான டப்பா வாங்கி ஸ்டீல் ரேக்ல அடுக்கு, ஒரு டப்பாவை அப்படியே தூக்கிட்டு வந்து மிஷின் பக்கத்துல வச்சுக்கலாம், முழங்காலுக்கு வேலை இல்ல.

என்னுதை எடுத்துக்கவான்னு மட்டும் கேக்காதே, நான் கொடுக்க மாட்டேன். காலையில திரையைத் தூக்கிப் பார்த்தேன், மூணாவது தட்டுல பச்சையெல்லாம் வரிசையா நிக்குது, நடுவுல ஒரு கிளிப்பச்சை சுங்குடி, அதை நான் மறந்தே போயிருந்தேன். அதுக்கு பக்கத்துல அந்த கடுகு மஞ்சளை வச்சுப் பார்த்துட்டு ஸ்கேலை எடுத்துட்டேன்.