செல்லூர் ஃப்ரிட்ஜ் கடை: கேஸ் போடச் சொன்ன ஃப்ரிட்ஜ், ஹீட்டர் மாற்றியதும் ஓடுகிறது

மதுரையில் ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு நம்பிக்கையான ஆள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடை செல்லூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. போர்டில் ‘ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் சர்வீஸ்’ என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. வாசலில் கதவு கழற்றிய சிங்கிள் டோர் ஒன்று, பழைய டிரம்கள், உள்ளே ஒரு மேசை, கேஸ் சிலிண்டர், ஒரு டிஜிட்டல் தராசு, அவ்வளவுதான் கடை. நடத்துகிறவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தெருவே அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படித்தான். ஃப்ரிட்ஜில் கூலிங் இல்லை, கேஸ் போட வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால், பணம் கொடுக்கும் முன் இவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறேன். கிரைண்டர் நின்றுபோனால் பக்கத்துத் தெருவில் கூலிக்கு அரைத்து வாங்கிக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜ் நின்றால் அதற்கு மாற்று கிடையாது. சித்திரை மாதத்தில் காலையில் வைத்த மாவு சாயங்காலத்துக்குள் பொங்கி, பாக்கெட் உப்பி, வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

என்னுடையது டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ, அதாவது உள்ளே சேரும் பனியைத் தானே கரைத்துக்கொள்ளும் வகை. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் நன்றாகக் கட்டியது. கீழே மட்டும் நாளுக்கு நாள் குளிர்ச்சி குறைந்து, கடைசியில் பாலே திரிய ஆரம்பித்தது. முதலில் கம்பெனி சர்வீஸுக்குத்தான் சொன்னோம். வந்த தம்பி கீழ்த்தட்டில் கை வைத்துப் பார்த்தார், பின்னால் போய் கம்ப்ரஸரைத் தொட்டுப் பார்த்தார். ஃப்ரீசருக்குள் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. “கேஸ் போயிருச்சு, கம்ப்ரஸரும் வீக்” என்றார். கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி இருக்கிறதே என்று கார்டை எடுத்துக் காட்டினேன். கம்ப்ரஸர் மட்டும்தான் இலவசமாம். கேஸ், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வாரண்டி கார்டில் பொடி எழுத்தில் அதுதான் இருக்கிறது, நீங்களும் உங்கள் கார்டை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

என் மாவை வாங்கும் ஓர் அக்கா சொல்லித்தான் செல்லூர் அண்ணனுக்கு போன் செய்தேன். போனிலேயே அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. “மேல ஐஸ் கட்டுதாம்மா? கதவு சுவிட்ச்ச விரலால அமுக்கிப் பிடிச்சா உள்ள ஃபேன் சத்தம் கேக்குதா? எப்பயாச்சும் நாள் பூரா ஆஃப் பண்ணிப் போட்டா, அதுக்கப்புறம் கொஞ்ச நாள் நல்லா ஓடுதா?” கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்திய நாளில் உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, கதவைத் திறந்துபோட்டுத் துடைத்து வைத்திருந்தோம். அதற்கப்புறம் ஒரு வாரம்போல ஃப்ரிட்ஜ் புதுசு மாதிரி ஓடியது. அதைச் சொன்னதும், “அப்ப கேஸ் இருக்கு. பதறாதீங்க, நாளைக்கு வர்றேன்” என்றார்.

வந்தவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃப்ரீசரின் பின்பக்க பிளாஸ்டிக் கவரைக் கழற்ற உட்கார்ந்தார். ஸ்க்ரூ எல்லாம் எடுத்தும் கவர் வரவில்லை. உள்ளே இருந்த ஐஸ் அதைக் கவ்விப் பிடித்திருந்தது. அவர் நெம்பவில்லை. வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து, ஓரம் ஓரமாக ஒத்தடம் கொடுத்து, அது தானாக விடும்வரை காத்திருந்தார். கவர் வந்ததும் உள்ளே காயில், அதாவது குளிர்ச்சியை உண்டாக்கும் குழாய்ச் சுருள், கண்ணுக்கே தெரியவில்லை. மேலிருந்து அடிவரை ஒரே வெள்ளைப் பாளம். ஃபேன் இறக்கையின் நுனியை ஐஸ் தொட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார்.

“பாருங்கம்மா, காயில் முழுக்க ஒரே சீரா கட்டியிருக்கு. கேஸ் கம்மியா இருந்தா முதல் ரெண்டு மூணு சுத்துலதான் பனி பிடிக்கும், மிச்சமெல்லாம் காஞ்சு கிடக்கும். இவ்வளவு ஐஸக் கட்டுன கம்ப்ரஸரப் போயி வீக்குன்னு எப்படிச் சொல்றது?”

ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் குளிர்ச்சி எல்லாம் அந்த ஒரு காயிலில்தான் உருவாகிறது. ஃபேன் அந்தக் காற்றை ஃப்ரீசருக்கும், ஒரு குழாய் வழியாகக் கீழ்ப்பகுதிக்கும் தள்ளுகிறது. நாம் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகும் ஈரம் காயிலில் பனியாக ஒட்டும். அதைக் கரைக்கத்தான் காயிலுக்கு அடியில் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். டைமரோ, புது மாடல் என்றால் எலக்ட்ரானிக் போர்டோ, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு ஹீட்டரை ஓட்டும். பனி கரைந்து காயிலில் சூடு ஏறியதும் பைமெட்டல் என்கிற சின்ன வட்டச் சாமான் ஹீட்டரை நிறுத்திவிடும். இதில் ஏதாவது ஒன்று வேலை செய்யாவிட்டால் பனி கரையாமல் சேர்ந்துகொண்டே போய் காற்று வழியை அடைத்துவிடும். அப்போது காயிலை ஒட்டி இருக்கிற ஃப்ரீசர் குளிரும், கீழ்த்தட்டுக்குக் காற்றே வராது. என் வீட்டில் நடந்தது அதுதான்.

பாளம் முழுதும் கரையும் முன்னரே அவர் மல்டிமீட்டரை எடுத்ததைக் கவனித்தேன். ஏன் இப்பவே என்று கேட்டேன். பைமெட்டல் குளிரில் இருக்கும்போதுதான் இணைப்புக் கொடுக்கும். சாதாரண அறைச் சூட்டில் மீட்டர் வைத்தால் ஒன்றும் காட்டாது, அதைப் பார்த்துவிட்டு நல்ல சாமானை ‘போச்சு’ என்று தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர் என்றார். எங்களுடையதில் பைமெட்டல் சரியாக இருந்தது. ஃபியூஸும் சரி. ஹீட்டரில் வைத்தபோது மீட்டர் அசையவில்லை. 150 வாட் ஹீட்டர் என்றால் 350 ஓம் பக்கம் காட்ட வேண்டுமாம். கழற்றிக் கையில் கொடுத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் சுருள் கம்பி ஓரிடத்தில் அறுந்து கருகியிருந்தது. அளவு பார்த்து புது ஹீட்டர் வாங்கி வந்து மாட்டினார். தண்ணீர் இறங்கும் ஓட்டையில் வெந்நீர் ஊற்றிப் பார்த்து, பின்னால் டிரேயில் விழுகிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் கவரை மூடினார்.

ஹீட்டரும் கூலியும் சேர்த்து 1,600 ரூபாய். சித்திரையில் மாட்டியது, இப்போது தீபாவளி நெருங்குகிறது. கீழ்த்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர் போட்டு வைத்திருக்கிறேன், 4 டிகிரியைத் தாண்டுவதில்லை.

இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்கு நான் ஐயாயிரம் கொடுத்து கேஸ் போட்டிருந்தால் ஃப்ரிட்ஜ் ஓடியிருக்கும். வேலை நடக்கும் நேரம் முழுக்க ஆஃபில் கிடப்பதால் ஐஸ் தன்னாலே கரைந்து காற்று வழி திறந்திருக்கும், நானும் கேஸ் போட்டதால்தான் சரியானது என்று நம்பியிருப்பேன். சில நாள் கழித்து மறுபடி கீழே குளிராமல் போயிருக்கும். “கேஸ் போட்டேன், பத்து நாள்கூட நிக்கல” என்று புலம்புகிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களில் சிலருடைய ஃப்ரிட்ஜுக்கு கேஸே தேவைப்பட்டிருக்காது என்று இப்போது நினைக்கிறேன். அண்ணன் சொல்கிறபடி, கேஸ் என்பது ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. பூட்டிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் மறுபடி நிரப்புகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேஸ் வேலையை அவர் யார் வீட்டு அடுப்பங்கரையிலும் வைத்துச் செய்வதில்லை. இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். தீப்பிடிக்கும் வாயு. கம்ப்ரஸர் மேல் தீச்சுடர் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தால் அதுதான். தீப்பிடிக்காத ஆர்134ஏ வாயு உள்ள பழைய ஃப்ரிட்ஜில் செய்வதுபோல, உள்ளே வாயு இருக்கும்போது பற்றவைப்பு டார்ச்சை நீட்டினால் விபத்துதான். என் ஃப்ரிட்ஜின் லேபிளில் கேஸ் அளவு 52 கிராம் என்றிருக்கிறது. அவ்வளவு சின்ன அளவில் பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் கூலிங் கெட்டுவிடும், அதற்குத்தான் அந்தத் தராசு. குழாயைத் திறந்தால் ஃபில்டரையும் மாற்றி, வேக்கம் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்த பிறகுதான் நிரப்புவார். ஃப்ரிட்ஜைக் கடைக்குக் கொண்டுபோகும் வண்டி வாடகை நம் செலவு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

கிளம்பும் முன் பின்பக்க டிரேயை உருவிக் கழுவச் சொன்னார். கொசு ஒழிப்புக்கு வருகிற மாநகராட்சிக்காரர்கள் முதலில் எட்டிப் பார்ப்பதும் அதைத்தான். டெங்கு கொசு அந்தத் தண்ணீரில் முட்டை போடும். அப்புறம் கதவு ரப்பர். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தார். மேல்பக்கம் பிடித்தது, கீழ்மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பரைக் கழுவி, சுருங்கிய இடத்தில் வெந்நீர்த் துணியால் நீவிவிட்டார். புது ரப்பர் விற்க முயலவில்லை.

இந்த நம்பிக்கையில் என் நாத்தனார் வீட்டு சிங்கிள் டோருக்கும் அவரையே கூப்பிட்டேன். காய்கறிப் பெட்டிக்கு அடியில் எப்போதும் தண்ணீர் தேங்கும் என்றதும் நேரில் வரவே மறுத்துவிட்டார். “பின்பக்கச் சுவர்ல ஒரு ஓட்டை இருக்கும், கொத்தமல்லித்தழை அடைச்சிருக்கும், வெந்நி ஊத்திப் பாருங்க.” அப்படியேதான் இருந்தது, காசும் வாங்கவில்லை. அந்த வீட்டில் ஃப்ரீசர் ஐஸைக் கத்தியால் குத்துகிற பழக்கம் உண்டு என்று சொன்னபோது மட்டும் குரல் மாறியது. சிங்கிள் டோரில் அந்த அலுமினியத் தகடுதான் காயில், ஒரு குத்து போதும் கேஸ் மொத்தமும் போய்விடும். தெர்மோஸ்டாட் நடுவில் இருக்கும் டிஃப்ராஸ்ட் பட்டனை அமுக்கிவிட்டுப் பொறுமையாக இருக்கச் சொன்னார்.

எதிர்வீட்டில் கம்ப்ரஸர் ‘டக்’ என்று சத்தம் போட்டு நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி ‘டக்’ என்றது. அங்கே கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே என்கிற சின்னச் சாமானைக் கழற்றி காதருகே குலுக்கிக் காட்டினார், உள்ளே உடைந்த சில்லு கடகடவென்றது. சில நூறு ரூபாயில் முடிந்தது. கரண்ட் போய் உடனே வந்தால் இதே சத்தம் நல்ல ஃப்ரிட்ஜிலும் வரும், ஐந்து நிமிடம் விட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்பதையும் சொல்லிவிட்டு வந்தார்.

குறைகளும் இருக்கின்றன. காலையில் வருகிறேன் என்றால் மதியம் ஆகிவிடும். வேலையில் இருக்கும்போது போனை எடுக்க மாட்டார். பில் கேட்டால் துண்டுத்தாளில்தான் எழுதிக் கொடுப்பார். மாட்டிய சாமானுக்கு மூன்று மாதம் பொறுப்பு என்று அதிலேயே எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுகிற இன்வெர்ட்டர் மாடல்களில் போர்டு போனால் அவர் கை வைப்பதில்லை, வேறு ஆளிடம் அனுப்புகிறார். அந்த கம்ப்ரஸரை நேரே கரண்டில் கொடுத்துச் சோதிக்கவே கூடாது என்பதால், தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்வது எனக்கு நல்லதாகவே பட்டது. ஆனால் அலைச்சல் நமக்கு. கம்ப்ரஸருக்கு மட்டுமில்லாமல் முழு ஃப்ரிட்ஜுக்குமான வாரண்டி முடியாததையும் தொட மாட்டார். அதற்கு கம்பெனியைத்தான் கூப்பிட வேண்டும், கூப்பிடும்போது நம்பரை வாரண்டி கார்டிலிருந்தோ கம்பெனியின் சொந்த இணையதளத்திலிருந்தோ எடுங்கள். தேடலில் முதலில் வருகிற நம்பர்களில் கம்பெனி பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவர்கள் கலந்திருக்கிறார்கள்.

இவரைக் கூப்பிடும் முன் ஃப்ரிட்ஜின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் நம்பர் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், சாமானைக் கையோடு கொண்டுவருவார். வந்து பார்க்க 300 ரூபாய், வேலை கொடுத்தால் கூலியில் கழித்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.