35,000 கிலோமீட்டர் ஓடிய செயின்: துடைப்பதில்தான் பாதி வேலை

காட்பாடியிலிருந்து திருவலம் வழியாக ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போக வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வண்டி 150 சிசி பைக், 428 அளவு ஓ-ரிங் செயின், அதாவது இணைப்புகளில் சின்ன ரப்பர் வளையம் வைத்தது. வண்டியோடு வந்த முதல் செயின் 14,000 கிலோமீட்டரிலேயே போய்விட்டது. 2021 ஆகஸ்டில் போட்ட இரண்டாவது செயின் 35,000 தாண்டி இன்னும் ஓடுகிறது. வண்டியும் அதே, ரோடும் அதே. வீட்டில் நானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததுதான் வித்தியாசம்.

முதல் செயினுக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும், வேறு வண்டிகளில் இருந்து இறக்கிய பழைய இன்ஜின் ஆயிலை பிரஷ்ஷில் தொட்டுத் தடவி விடுவார்கள். செயின் கன்னங்கரேல் என்று மினுமினுக்கும். அது போதும் என்று நம்பிவிட்டேன். ஒரு நாள் முதல் கியரில் கிளம்பும்போது கடகடவென்று உதறியது. தெருமுனை மெக்கானிக் பின்சக்கரத்தைச் சுற்றி, செயின் மாட்டி ஓடும் பல்சக்கரத்தை (ஸ்ப்ராக்கெட்) பார்த்துவிட்டு, "பல்லைப் பாரு சார், ரம்பம் மாதிரி கீது" என்றார். ஆயில் விட்டுட்டுதானே இருந்தேன் என்றேன். செயின் மேலிருந்த கறுப்புப் பசையை விரலில் எடுத்து, "இதுல பாதி மண்ணு சார்" என்று என் உள்ளங்கையில் தேய்த்தார். நறநறவென்றது.

பாலாற்றங்கரை ஊர்களில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லாரி ஒன்று முன்னால் போனால் போதும், சட்டையே நிறம் மாறிவிடும். பிசுபிசுப்பான செயினில் அது ஒட்டி, எண்ணெயோடு குழைந்து, உப்புக் காகிதம் போல ரோலரையும் ஸ்ப்ராக்கெட் பல்லையும் தேய்க்கிறது. பழைய ஆயிலில் ஏற்கெனவே இரும்புத் துகள் வேறு கலந்திருக்கும்.

இப்போது 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை இரவு, இந்த வேலை. சனிக்கிழமை ஏன் என்றால், எண்ணெய் விட்டபின் வண்டி ஒரு ராத்திரி சும்மா நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே டபுள் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால்தான் சுற்றுவேன். இன்ஜினை ஓடவிட்டு கியரில் சுற்றவிடுவதை தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். துணி மாட்டினால் விரல் உள்ளே போய்விடும்.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டு நான்கு பக்கமும் தேய்த்து, பனியன் துணியால் துடைப்பேன். துணியில் கறுப்பு குறையும் வரை துடைக்க வேண்டும், இதற்குத்தான் அதிக நேரம் ஆகும். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பது குறைந்தபிறகு சில முறை செயின் கிளீனர் ஸ்ப்ரே வாங்கினேன், அதுவும் சரிதான். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் மட்டும் வேண்டாம். செயினுக்குள்ளே கம்பெனியில் வைத்த கிரீஸை அடைத்து வைத்திருப்பவை அந்தச் சின்ன ரப்பர் வளையங்கள்தான். அவை கெட்டால் உள்ளிருந்து போன கிரீஸை நம்மால் திரும்ப வைக்க முடியாது. வாட்டர் சர்வீஸ் பைப்பைச் செயினுக்கு நேராகப் பிடிக்க விடுவதில்லை என்பதும் இதனால்தான்.

அப்புறம் 90 நம்பர் கியர் ஆயில். மருந்துக் கடைக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஊசியை மாட்டாமல், செயினின் கீழ்வரிசையில் உட்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடுவேன். உட்பக்கம் விட்டால் ஓடும்போது எண்ணெய் தானாக வெளிப்பக்கம் பரவும். ஒரு சுற்றுக்கு அந்த 10 மில்லியே தாராளம். காலையில் மேலே நிற்கும் எண்ணெயை மறுபடி துடைத்துவிடுவேன். தொட்டால் விரலில் லேசாகப் படிய வேண்டும், வழியக்கூடாது. மூன்று வருடம் முன்பு வாங்கிய ஒரு லிட்டர் டப்பாவில் இன்னும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மீதி இருக்கிறது.

பிசினாக ஒட்டும் செயின் ஸ்ப்ரேயையும் ஒரு கோடை முழுக்கப் போட்டுப் பார்த்தேன். ரிம்மில் தெறிக்கவே இல்லை, சுத்தமாக இருந்தது. ஆனால் மே மாதப் புழுதியில் இரண்டே நாளில் செயின் மேல் மண் சட்டை போட்டதுபோல ஆகிவிட்டது. அதே ஸ்ப்ரே ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்றாகத் தாங்குகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த வாரம் தினமும் நனைந்து போய்வந்து செயினைக் கவனிக்காமல் விட்டதில், மூன்று மாதச் செயினின் ஓரத்தில் செந்துரு பூத்துவிட்டது. அதிலிருந்து மழைக்காலத்துக்கு ஸ்ப்ரே, மற்ற மாதங்களுக்கு கியர் ஆயில். நனைந்த அன்று இரவே காய்ந்த துணியால் ஒரு துடை.

லூஸ் பார்ப்பதில் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் அழுத்திப் பார்த்து டைட் வைத்தேன். செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடத்தில் பார்த்து, எங்கே அதிக டைட்டாக இருக்கிறதோ அங்கே 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் வைக்க வேண்டும். பின்னால் ஆள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் இறங்கும்போது செயின் இன்னும் இறுகும். குடும்பத்தோடு போகிற வண்டியை விறைப்பாக வைத்தால் பேரிங் அடி வாங்கும்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, உண்மையில் தேய்வது இணைப்புகளைக் கோக்கும் ஆணியும் (பின்) அதைச் சுற்றியிருக்கும் சின்னக் குழலும் (புஷ்). 428 செயினில் 21 பின்களை எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசி பின்னின் நடுவரை அளந்தால் புதிதில் 254 மில்லிமீட்டர். 259-ஐ நெருங்கினால் மாற்ற வேண்டியதுதான், அதுவும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாக. போன ஞாயிறு அளந்தபோது என்னுடையது 256.5 இருந்தது. அன்றைக்கே முன் ஸ்ப்ராக்கெட் மூடியையும் கழற்றினேன். உள்ளே இறுகிக் கிடந்த கறுப்புச் சேற்றை பழைய கரண்டிக் காம்பால் வழித்தால் ஒரு சிரட்டை நிறைய வந்தது. பற்கள் இன்னும் மழுங்காமல், நேராகவே இருக்கின்றன.